சென்னை–சாங்கி வழித்தடத்தில் காணாமற்போகும் இரண்டரை மணி நேரம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சென்னை விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கிக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. இது விமானிகளின் கருத்து. பயணச்சீட்டின் கருத்து வேறு. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பியவர் சாங்கியில் காலை 5.30க்கு இறங்குகிறார்: ஆறரை மணி. அவரே சாங்கியில் காலை 9 மணிக்கு ஏறினால் சென்னையில் 10.30க்கு இறங்கிவிடுகிறார்: ஒன்றரை மணி. வரும்போது பறிபோன இரண்டரை மணி நேரம் யார் பொறுப்பில் இருக்கிறது?

2. நிலவும் கொள்கைகள்

தேக்கா சந்தையில் கீரை வாங்குவோரிடையே இரு கட்சிகள் உண்டு. குடிநுழைவு வரிசையில் கரைகிறது என்பது முதற்கட்சி. அந்த வரிசை விமானம் இறங்கிய பிறகே தொடங்குவதால் இதைத் தள்ளுகிறோம். முஸ்தஃபா பேரங்காடியில் கரைகிறது என்பது மறுகட்சி. முஸ்தஃபாவுக்குள் போனவர் எவரும் வெறும் இரண்டரை மணியில் வெளியே வந்ததில்லை. ஆகவே இதையும் தள்ளுகிறோம்.

3. வரலாறு

சிங்கப்பூர்க் கடிகாரம் 1905இல் கிரீன்விச்சைவிட 7 மணி முன்னே இருந்தது. 1933இல் 20 நிமிடம் கூடியது; 1941இல் மேலும் பத்து. 1942இல் ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைத் திணித்தனர். 1945இல் பழைய ஏழரை திரும்பியது. சென்னையிலிருந்து ரஜுலா கப்பலில் ஒரு வாரம் கடலில் கிடந்து வந்தவர்கள் இந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. வாரமே போனவருக்கு மணி எம்மாத்திரம்?

பிறகு மலேசியா, தீபகற்பத்தின் நேரத்தைச் சபா, சரவாக்குடன் ஒன்றாக்கியது. வணிகமும் பயணமும் குழம்பக் கூடாதென்று சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30க்கே 1982 பிறந்தது. சாங்கி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டு அப்போது இரண்டே நாள். விமானங்கள் இறங்கிய வேகத்தில் தீவு கிழக்கே தள்ளப்பட்டது என்ற கோட்பாட்டைப் பரிசீலித்து, வருத்தத்துடன் கைவிட்டோம்.

4. கண்டுபிடிப்பு

அந்த நேரம் தொலைவதில்லை, வைப்பில் இருக்கிறது. ஊர் திரும்பும் நாளில் முழுதாகக் கைக்கு வருகிறது. 1945க்குப் பின், 1982க்கு முன் வந்தவர் இரண்டு மணி கட்டினார்; பின்னர் ஊர் போனபோது இரண்டரையாகப் பெற்றார். 25 விழுக்காடு வட்டி! மார்க்கெட் ஸ்திரீட் வட்டிக்கடைச் செட்டியார்களும் வியக்கும் வீதம்தான். ஆனால் அந்த அரை மணியும் 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில் அவரிடமே பிடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த மத்திய சேமநிதியை வாங்கிக்கொண்டு அரசுக்கு நன்றி சொல்வதைப் போன்றது இந்த மகிழ்ச்சி.

5. தீராத சிக்கல்

சிராங்கூன் சாலையில் கடை வைத்த தாத்தாவும் சிங்கப்பூரிலேயே பிறந்த பேரனும் தீபாவளிக்கு ஒரே விமானத்தில், அடுத்தடுத்த இருக்கைகளில் சென்னை போகிறார்கள். இருவர் கையிலும் இரண்டரை மணி நேரம் விழுகிறது. தாத்தாவுக்கு அது போட்ட முதல். பேரன் முன்பின் எதுவும் போட்டதில்லை. அவனுக்கு அது கடன். விடுமுறை முடிந்து சாங்கியில் இறங்கும்போது பேரன் கடனை அடைத்துவிட்டு வீடு வந்து சேர்கிறான். தாத்தா மறுபடியும் முதல் போடுகிறார்.