மகாராணியின் இரவல் பிள்ளை

கேள்வி: இங்கிலாந்து டியூடர் காலத்துப் பெரிய வீட்டுப் பெண்களைப் பற்றி எத்தனை சீரியல், எத்தனை சினிமா! நம் பக்கத்தில் அப்படி ஒருத்தர்கூட இல்லையா?
– ஒரு வாசகி, ஆரணி (பொன்னேரி வழி)

பதில்: பட்டு ஆரணிக்காரர் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். உங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் பழவேற்காட்டிலேயே ஆள் இருக்கிறாரே! விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் ராணியார் ஒருவர் ஆண்ட சீமை அது. 1610இல் டச்சுக்காரர்கள் அங்கே கடை விரித்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. மயிலாப்பூர் போர்த்துகீசியருக்கு வயிற்றெரிச்சல்.

அதே அந்தப்புரத்தில் பாயம்மா என்று இன்னொரு ராணி. பிள்ளையில்லை. ஒரு பிராமணக் குழந்தையை வாங்கிவந்து 'நான் பெற்றது' என்றாராம். ஏசுசபைப் பாதிரியார் பர்ராதாஸ் எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்தின் மேரி ராணியும் 1555இல் பிள்ளை வரப்போகிறதென்று ஊரையே காக்கவைத்தார், வரவேயில்லை. நம்மவர் பரவாயில்லை, கையில் குழந்தையையாவது காட்டினார்!

1614இல் வேங்கடபதி இறந்தார். இரவல் பிள்ளையை ஒதுக்கிவிட்டு அண்ணன் மகன் ஸ்ரீரங்கனுக்கே பட்டம் தந்திருந்தார். பாயம்மாவின் பிறந்த வீட்டு ஆளான கொப்பூரி ஜக்கராயன் விடுவாரா? ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு கொன்றார். தப்பியது ஒரு பையன் மட்டும். சலவைத் தொழிலாளி ஒருவர் மூலம் வெளியே கடத்தியவர் ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற யாசம நாயக்கர். பிறகு திருச்சி அருகே தோப்பூரில் பெரும்போர். ஜக்கராயன் மாண்டார், பையன் ராமதேவன் அரசனானான்.

சீரியல் எடுப்பவர்களுக்கு 500 எபிசோடு உத்தரவாதம். நீங்கள் பொன்னேரியில் பஸ் பிடித்துப் போய், டச்சுக் கல்லறைகளையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.