வயர்த் துளைவழி நீர்நுழைவு: பசுமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

மதுரைக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குக் கருவேலங்காடும் கண்மாயும்தான். அப்படிப்பட்ட ஊரின் தென்மேற்கு ஓரத்தில், பசுமலையில், ஒரு மொட்டைமாடியில் பதினோரு அடி நீள மீன்பிடிக் கயாக் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. அது ஏன் அங்கே வந்தது என்பது குடும்ப வரலாற்றுத் துறையின் கேள்வி. என் மைத்துனர் பதில் சொல்ல வேண்டியது. அது ஏன் ஒழுகுகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அமெரிக்கன் கல்லூரி 1881இல் தொடங்கியது இந்தப் பசுமலையில்தான். ஆகவே இந்த ஊரில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. வேண்டாத இடத்துக்குத் தண்ணீர் வருவதைத் தமிழ் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஈரம் மட்டும் தெரிந்தால் பொசிகிறது. விரலில் ஒட்டினால் கசிகிறது. எண்ண முடிந்தால் சொட்டுகிறது. எண்ண முடியாமல் போனால் ஒழுகுகிறது. அதற்கும் மேலே பீய்ச்சுகிறது. அந்தக் கட்டத்தில் சொல்லாராய்ச்சியை நிறுத்திவிட்டுக் கரைக்குத் துடுப்புப் போடுவது உத்தமம். இவற்றில் ஒழுகு என்னும் வினையிலிருந்துதான் ஒழுக்கம் பிறந்தது. எனவே இலக்கணப்படி ஒழுகுகிற படகே ஒழுக்கமுள்ள படகு. இந்த முடிவை மைத்துனரிடம் வைத்தேன். அவர் கையில் அப்போது ஈரமான பேட்டரி இருந்ததால் விவாதம் தொடரவில்லை.

நடந்தது இதுதான். கயாக்கில் பிறவித் துளைகள் சில உண்டு. உட்காரும் தளத்திலிருந்து அடிவரை ஊடுருவிப் போகும் குழாய்கள் அவை. மடியில் தெறிக்கிற தண்ணீர் அவற்றின் வழியே வடிந்துவிடும். உள்ளறைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மைத்துனர் இவை போதாதென்று மூன்று துளைகள் போட்டார். மீன் இருக்கும் இடத்தை ஒலியால் துழாவிக் காட்டும் கருவி வாங்கியிருந்தார். திரைக்கு ஒரு வயர், அடியில் ஒலி அனுப்பும் பகுதிக்கு ஒரு வயர், பின்பக்க விளக்குக்கு ஒரு வயர், எல்லாம் சேர்ந்து உள்ளே 12 வோல்ட் பேட்டரிக்கு. குத்தகைதாரரிடம் பேசி அனுமதி வாங்கி மாடக்குளம் கண்மாயில் இறக்கினார். இரண்டு மணி நேரத்தில் உள்ளே ஒரு பக்கெட் தண்ணீர். கருவி மீன் எதையும் காட்டவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

தண்ணீர் எப்படி நுழைகிறது? கணக்கு சொல்கிறேன். நீர்மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை திறந்திருந்தால் மணிக்கு சுமார் 20 லிட்டர் உள்ளே வரும். வயரைச் சுற்றி மயிரிழை இடைவெளிதான் என்பதால் ஒரு பக்கெட்டோடு போயிற்று. ஆனால் மைத்துனரின் துளைகளில் இரண்டு நீர்மட்டத்துக்கு மேலே இருந்தன. அவையும் ஒழுகின. இங்கேதான் மதுரை வெயில் ஆய்வுக்குள் வருகிறது. மொட்டைமாடியில் கிடந்த கயாக்கின் உள்ளே இருக்கும் காற்று 55 டிகிரிக்குச் சூடேறியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 28 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் காற்று பன்னிரண்டில் ஒரு பங்கு சுருங்கும். உள்ளறை 300 லிட்டர் என்றால் 25 லிட்டர் காற்றுக்கான உறிஞ்சல். துளையோரத்தில் காற்று இருந்தால் காற்றை இழுக்கும். அலை தெறித்துத் தண்ணீர் நின்றால் தண்ணீரை இழுக்கும். தாகத்தோடு வருகிறவன் சொம்பைப் பார்ப்பது போலத்தான்.

மூன்றாவது வழி சூழ்ச்சியானது. வயருக்குள்ளே மெல்லிய செம்பு இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. வயருக்கு வெளியே நீங்கள் எவ்வளவு அடைத்தாலும் அது வயருக்கு உள்ளேயே நடந்து வந்து பேட்டரி முனையில் பச்சைக் களிம்பாகப் பூக்கும். இதற்காகத்தான் கடற்படகுகளில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைப் போடுகிறார்கள். முனையையும் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுகிறார்கள்.

இனி முன்னோர் ஆய்வு. வங்கக் கடற்கரை மீனவர் இந்தச் சிக்கலை வேரோடு தீர்த்திருந்தார்கள். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். தண்ணீர் நினைத்தபடி வரும், நினைத்தபடி போகும். உள்ளே இல்லாதபோது உள்ளே ஒழுகுவது எப்படி? அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டுபோன ஆங்கிலம் பேசுவோர் அதை இரட்டை உடல் படகுக்குப் பெயராக வைத்து, ஒன்றுக்கு இரண்டாக உள்ளறை உண்டாக்கிக்கொண்டார்கள். பலகை வள்ளங்களில் இடுக்குக்குப் பஞ்சும் குங்கிலியமும் திணிக்கும் கலப்பத்து வேலை இருந்தது. அதோடு மரம் தண்ணீரில் ஊறிப் பருத்துத் தன் இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். கயாக்கின் பிளாஸ்டிக் ஊறாது, பருக்காது, வருந்தாது.

நாம் கடற்கரைக்காரர் இல்லை, கண்மாய்க்காரர். நமக்கும் மரபு உண்டு. பாண்டி நாட்டுக் கண்மாய்களின் குமிழித் தூம்பைப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் கல்லில் ஒரு துளை, அதன் மேல் ஓர் அடைப்பு. கண்மாய் நிறைய நிறையத் தண்ணீரின் பாரமே அடைப்பை இன்னும் அழுத்திப் பொருத்தும். தண்ணீர் வருகிற பக்கத்திலிருந்து அடை என்பதே அதன் சூத்திரம்.

மதுரையில் கசிவடைப்புக்குப் புராணச் சான்றும் இருக்கிறது. வைகை கரையை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமக்க வேண்டும் என்றான் பாண்டியன். பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசினார். முதலில் சாப்பிட்டார், பிறகு ஆடினார், பாடினார், உறங்கினார், கடைசியில் பிரம்படி வாங்கினார். அடி உலகத்து உயிர் அத்தனையின் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் பிட்டுத்தோப்பில் இதைக் கொண்டாடுகிறோம். ஆய்வாளன் குறித்துக்கொள்ள வேண்டியவை: கூலி முன்கூட்டியே பெறப்பட்டது, வேலை தள்ளிப்போனது, விளைவு வேலை செய்தவர், செய்யாதவர் என்று பாராமல் எல்லார் மேலும் இறங்கியது. மேல்வீட்டுக் குளியலறை ஒழுகும் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

தெப்பத் திருவிழாவையும் விட்டுவிட முடியாது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பம் ஓர் இடத்தில் நிற்கும், நிலைத்தெப்பம் என்பார்கள். ஒழுகலுக்கு இடமே தராத நீர்ப்பயணம் உலகில் அது ஒன்றுதான்.

தற்கால அறிஞர்கள் இரண்டு பள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒன்று பிசையும் பள்ளி. இரு பாகப் பசையின் இரண்டு உருண்டைகளை எடுத்துச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து துளையைச் சுற்றி அப்புவார்கள். மற்றொன்று பிதுக்கும் பள்ளி. துப்பாக்கியில் சிலிக்கோன் குழாயை மாட்டிப் பிதுக்குவார்கள். புளித்த காடி வாடை அடிக்கிற சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அது செம்பைத் தின்னும் என்பது இந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தில் இல்லை. மைத்துனர் இரண்டு பள்ளியிலும் படித்தார். இரண்டிலும் தேறவில்லை. பழி பசையின் மேல் இல்லை. கயாக் பாலித்தீனால் ஆனது. அதன் மேல் சாதாரணப் பசை எதுவும் பிடித்து நிற்காது. காய்ந்த பிறகு புண்ணின் பொருக்கு போல முழுசாக உரிந்து வந்துவிடும். போதாததற்கு வெயிலில் பாலித்தீன் இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் நீளும். பதினோரு அடிப் படகு 20 டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை நீண்டு சுருங்கும்போது, இறுகிப்போன பசை எத்தனை நாள் அதோடு ஒத்துப்போகும்?

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாடித் தொட்டிக்குக் குழாய் மாற்ற வந்த பிளம்பர், கவிழ்ந்து கிடந்த கயாக்கைச் சுண்டிப் பார்த்தார்.

“அண்ணே, இது சின்டெக்ஸுண்ணே. படுத்துக் கெடக்கு, அம்புட்டுத்தேன்.”

ஆறு மாத ஆராய்ச்சி அந்த ஒரு வரியில் முடிந்தது. அவர் சொன்னது உருவகம் இல்லை. பாலித்தீன் பொடியை அச்சில் போட்டுச் சூட்டில் உருட்டித்தான் தண்ணீர்த் தொட்டியையும் வார்க்கிறார்கள், கயாக்கையும் வார்க்கிறார்கள். ஒரே தாய்ப் பிள்ளைகள். தொட்டியில் குழாய் நுழையும் இடத்தை எந்தப் பிளம்பரும் பசையால் ஒட்டுவதில்லை. டேங்க் நிப்பிளை நுழைத்து, ரப்பர் வாஷரை வைத்து, செக்நட்டால் நெருக்குகிறார்கள். ஒட்டாத பொருளை நெருக்கினால் போதும். படகு நீண்டாலும் சுருங்கினாலும் ரப்பர் கூடவே போய்வரும்.

“டேங்குல தண்ணி உள்ளருந்து தள்ளும். இதுல வெளியருந்து தள்ளும். வாஷர அந்தப் பக்கம் போடுங்க. ஸ்பானரப் போட்டு முறுக்கிராதீங்கண்ணே, வாஷர் பிதுங்கிரும். கையால இறுக்கிட்டு, கால் சுத்து.”

குமிழித் தூம்பின் சூத்திரம்! படிக்காமலேயே அவர் கையில் இருந்தது. வயருக்கு இதே வேலையைச் செய்வது கேபிள் கிளாண்ட். மோட்டார் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தலைப்பூட்டைத் திருகினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் வயரைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடிக்கும். ஒரு கிளாண்டுக்கு ஒரு வயர், அதுவும் உருண்டையான வயர். தட்டையான இரட்டை வயரைப் போட்டால் இரு ஓரமும் வாய்பிளந்து நிற்கும். கிளாண்டின் மேல் ஐபி 68 என்று இருக்கும். 6 தூசிக்கான மதிப்பெண், 8 தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதற்கானது. மதுரையில் முதல் எண்ணுக்குத்தான் வேலை அதிகம். துளையின் பிசிறைக் கத்தியால் வழித்துவிடுங்கள். கிளாண்டுக்கு வெளியே வயரை ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள்; வழிகிற தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். உங்கள் வீட்டு ஈபி பைப்பின் தலை கைத்தடிப் பிடிபோலக் கவிழ்ந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மூன்று துளையிலும் கிளாண்டைப் பூட்டியபின், சோதனை முறையைப் பஞ்சர் கடையிலிருந்து எடுத்தோம். பூட்டுகளைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி, உள்ளறைத் தண்ணீரை வெளியேற்றும் துளையில் குழாய் வைத்து வாயால் ஊதினோம். சைக்கிள் பம்ப் வேண்டாம், படகின் உடம்பு உப்பிவிடும். இரண்டு பூட்டில் நுரை சும்மா இருந்தது. மூன்றாவதில் குமிழி வந்தது. கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பழைய பசையின் பொருக்கு.

ஒன்றை மட்டும் மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒலி அனுப்பும் அந்தப் பகுதிக்குத் துளையே தேவைப்பட்டிருக்காது. பாலித்தீன் வழியே ஒலி போகும். நடுவில் காற்றுக் குமிழி இல்லாமல் உள்ளே அடிப்பாகத்தில் பதித்து வைத்தாலே மீனைத் தேடும். மாடக்குளத்தில் அவர் இறங்கிய இடத்தில் தண்ணீர் இடுப்பளவு. போய்த் திரும்ப ஒலிக்கு ஒன்றரை மில்லி வினாடிகூட ஆகாது. கோடையில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா வைக்கும்போது ஊத்தாவோடு இறங்குகிறவர்கள் விராலையும் ஜிலேபியையும் வயர் இல்லாமலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

வாசகர்களில் யாராவது படகில் துளை போடும் எண்ணத்தோடு டிரில் மிஷினைக் கையில் வைத்திருந்தால், தயவுசெய்து அதைக் கீழே வைத்துவிட்டு முதலில் தெருமுனைப் பிளம்பரைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் ஆள் இருப்பார்.