கெழட்டு மூக்குக்கு ஆறடிக் கயிறு

வாங்க தம்பி, இப்பிடித் திண்ணையில குந்துங்க. நாயையும் படுக்கச் சொல்லுங்க, பாவம், உங்களவிட அதுக்குத்தான் மூச்சு வாங்குது. பதிமூணு வயசு லெப்ரடோராம். ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கு, பின்னங்கால் ரெண்டும் பிடிச்சிக்கிட்டு நிக்குது. அதைக் கூட்டிக்கிட்டுப் பொழுது சாயுற நேரத்துல கண்டி ஹந்தானை ரோட்டு ஏத்தம். டாக்டர் நடக்கச் சொன்னது உங்களையா, நாயையா?

கெழடுதானே, எங்க ஓடப்போகுதுன்னு கயிறில்லாம விடுறீங்க. நாய்க்குக் கண்ணு போகும், காது போகும், காலு போகும். மூக்கு கடைசியாத்தான் போகும். விழுந்து அழுகின பலாப்பழத்துக்குக் காட்டுப்பன்னி எறங்கியிருந்தா, அந்த வாடை பட்ட ஒடனே இதுக்கு ரெண்டு வயசு ஆயிரும். ரெண்டு வயசு ரோசத்தோட பாஞ்சு, பதிமூணு வயசுக் காலோட குட்டி போட்ட தாய்ப்பன்னி முன்னால நிக்கும். ரிட்டயர் ஆன பெறகும் பழைய கந்தோருக்குப் போயி அதிகாரம் பண்ணுற தொரைமார் மாதிரி. உங்களச் சொல்லல தம்பி, டீயைக் குடிங்க.

அடுத்தது முள்ளம்பன்றி. அது முள்ளை எறியும்னு டவுன்ல சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. எறியாது. மொதல்ல முள்ளைச் சிலுப்பிக் காட்டும். பெறகு வால் முள்ளைக் கலகலன்னு ஆட்டும். காலால நெலத்தைத் தட்டும். அம்புட்டு மரியாதையாச் சொல்லியும் கேக்காம முகத்தை நீட்டினா, திரும்பி நின்னு பின்பக்கமாவே வந்து இடிக்கும். உங்க நாய்க்கு அந்தச் சிலுப்பலும் தெரியாது, கலகலப்பும் கேக்காது. சோத்துத் தட்டுச் சத்தம் மட்டும் எப்பிடியோ கேக்குதாமே? மூஞ்சியில முள்ளு ஏறிட்டா வீட்டுக் குறட்டைத் தூக்காதீங்க. பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, மயக்க ஊசி போட்டு எடுப்பாங்க.

பன்னியும் முள்ளம்பன்றியும் பெரிய மனுசங்க, வர்றது தெரியும். கோப்பி விரியன் அப்பிடியில்ல. சிங்கள ஆளுங்க குனகட்டுவான்னு சொல்லுற அதேதான். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம், காஞ்ச எலை நெறம், தூக்கின மூக்கு. சருகுக்குள்ள சுருண்டு கெடக்கும். அந்தி சாஞ்சாத்தான் அதுக்கு விடியும். இலங்கையில மனுசரை ஆக அதிகமாக் கடிக்கிற பாம்பு இந்தப் பொடியன்தான். இந்தியாவுலேருந்து வர்ற விசமுறிவு மருந்து இதுக்குச் சரிவராது. ஆள் சாகிறது குறைவு, ஆனா சில பேருக்குக் கிட்னியைப் பிடிச்சிரும். நாய் மோந்து பாத்தா அதுக்கு மூக்குல கடி. நீங்களோ ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு, போன்ல பேரப்புள்ள படத்தைப் பாத்துக்கிட்டே சருகை மிதிக்கிறீங்க.

மலை வேணாம், வாவியைச் சுத்துறேன்னுவீங்க. நல்ல எடம்தான். 1807ல நம்ம கண்ணுச்சாமி, அதான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வெட்டின வாவி. சுத்தி வந்தா மூணு கிலோமீட்டருக்கு மேல. கெழட்டு நாய்க்குப் பாதி தாராளம். பொழுது சாயக் கொக்கும் நீர்க்காகமும் ரோட்டு மரத்துல வந்து அடையும். அப்ப கீழ போறவன் மழையில்லாமலே குடை விரிப்பான். விரிக்காதவன் டவுனுக்குப் புதுசு. கரையேறிக் கெடக்கிற கபரகொய்யாவை, அதான் தண்ணி உடும்பை, பாத்து நாய் கொலைச்சா, வாலால ஒரு வீச்சு வீசும் பாருங்க! அதை அடிக்கக் கம்பைத் தேடாதீங்க, 1937ஆம் வருசத்து வனசீவராசிச் சட்டம் அதும் பக்கம். நாயை இழுத்துக்கிட்டு நடங்க.

தலதா மாளிகைக்குப் பின்னால இருக்கிற உடவத்தகெலே? அது 1938லேருந்து சரணாலயம். 257 ஏக்கர் காட்டை மத்த சீவன்களுக்குன்னு விட்டிருக்கு, அங்கயும் போயி உங்க நாய் கால் தூக்கணுமா? குரங்கு பாக்க ஆசைன்னா பாண் துண்டோட வெளிய நில்லுங்க, அதுவா வந்து பறிச்சுக்கிட்டுப் போகும்.

கெழட்டு நாயை வீட்டுலயே பூட்டுங்கன்னு நான் சொல்லல. படுக்கவச்சா மூட்டு இன்னும் எறுகிப் போகும். நாலரைக்குக் கெளம்புங்க, ஆறுக்கு முந்தி வந்து சேருங்க. ஆறடிக் கயிறு, சப்பாத்து, டோர்ச்சு லைட்டு. வந்ததும் கால் வெரலுக்கு எடையில அட்டையும் காதுக்குள்ள உண்ணியும் பாருங்க. விசர்நாய் ஊசியை வருசா வருசம் போடுங்க; கெழடுக்கு எதுக்குன்னு விட்டுறாதீங்க, கீரி கடிச்சாலும் விசர் வரும். பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, 1990க்குப் போன் அடிங்க. அம்புலன்ஸ் சல்லி வாங்காம வரும். நாய்க்கு வராது தம்பி, உங்களுக்குத்தான்.