வீடியோ கேம் நாயகரின் இயலாமைகள்: பழனிமலைத் தொடரை அளவுகோலாகக் கொண்ட ஓர் ஆய்வு

தனியாளாக ஒரு படையையே சாய்க்கும் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் யோசிக்காமல் செய்துவிடும் காரியங்களில் தோற்றுப்போவதே வீடியோ கேம் நாயகரின் இயலாமை எனப்படும். படி இறங்குதல், நீரில் விழுந்தால் கரையேறுதல், உடன் வருபவரோடு சேர்ந்து நடத்தல் ஆகிய மூன்றும் இவற்றுள் தலையாயவை. மூன்றையும் ஒரே வட்டாரத்தில் சோதிக்கப் பழனிமலைத் தொடர் தோதான களம். பழனியில் படியும் பாதயாத்திரையும் உண்டு. மேலே கொடைக்கானலில் ஏரி உண்டு.

படியில் தொடங்குவது முறை. பழனி முருகன் கோயிலுக்கு ஏறத்தாழ 690 படிகள். முடியாதவர்களுக்கு யானைப் பாதையும், 1966 முதல் விஞ்சும், 2004 முதல் ரோப் காரும் இருக்கின்றன. ஆனாலும் வயதான பாட்டிகள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் ஏற்றிக்கொண்டே மேலே போய்விடுகிறார்கள். 1983-இல் வந்த ஸ்பெலங்கர் என்ற ஆட்டத்தின் நாயகர் தொழில்முறைக் குகை ஆராய்ச்சியாளர். அவர் தம் உயரத்தைவிடக் குறைந்த பள்ளத்தில் விழுந்தாலே உயிரை விட்டுவிடுவார். தரிசனம் முடிந்து இறங்கும் பையன்கள் நாலைந்து படிகளை ஒரே தாவலில் கடப்பதுபோல் இவர் கடந்தால் கதை முடிந்தது. யானைப் பாதையைப் பரிந்துரைக்கலாம் என்றால், சரிவில் குதிப்பதும் இவருக்கு ஆகாது. விஞ்சே கதி, அதிலிருந்து இறங்கும் படியைத் தனியே ஆராய வேண்டும்.

அடுத்தது நீர். இதில் சான்றுகள் குவிந்துகிடக்கின்றன. தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே சீட் கோடுகளைத் துண்டுத்தாளில் எழுதிவைத்து விளையாடிய ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி 2002-இல் வெளிவந்தது. அதன் நாயகர் டாமி வெர்செட்டி ஹெலிகாப்டர் ஓட்டுவார், ராணுவ டாங்கியைக் களவாடுவார், விசைப்படகில் பறப்பார். படகிலிருந்து தவறி விழுந்தால் மட்டும் சில நொடிகளில் செத்துப்போவார். அவர் வாழ்ந்த ஊரோ நாற்புறமும் கடல். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியில், மிதிபடகில் ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டை மறுத்து வாதாடும் மாப்பிள்ளைகள் டாமியின் வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

டாமிக்கு இது குலவழி வந்த குறை. வைஸ் சிட்டியை ஆக்கிய நிறுவனம் முன்பு டி.எம்.ஏ. டிசைன் என்ற பெயரில் ஸ்காட்லாந்தில் இயங்கியது. 1991-இல் வெளிவந்த, அது உருவாக்கிய லெம்மிங்ஸ் ஆட்டத்தில், பச்சைத் தலைமுடிக் குட்டி உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைவிளிம்பைத் தாண்டி விழும், நீரில் மூழ்கும். ஆடுபவர் தடுத்தால்தான் பிழைக்கும். 2004-இல் ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் வந்தபோதுதான் அம்மரபில் நீச்சல் தெரிந்த முதல் நாயகர் தோன்றினார். குறை பிற குலங்களிலும் உண்டு: 2007-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஆட்டத்தின் நாயகர் ஆல்டயிர் எருசலேமின் கோபுரங்களில் கைப்பிடி இல்லாமல் ஏறி, ஆக்ரே நகரின் துறைமுகத்தில் கால் இடறி மூழ்கினார்.

காரணம் எளிது. நாயகரின் உலகில் எழுதப்படாதது எதுவும் கிடையாது. நீந்தவைக்க வேண்டுமானால் கைகால் அசைவு, மூச்சு, நீருக்கடியில் தெரியும் காட்சி, மறுகரை என எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். தொட்டால் சாவு என்று விதித்துவிட்டால் ஒரே கணக்கில் முடிந்தது. வரைபடத்தின் எல்லைக்கு மதிலும் தனியே கட்ட வேண்டாம். டாமிக்கு நீச்சல் தெரியாது என்பது பிழையான கூற்று. அவருக்குத் தண்ணீர் என்பதே கிடையாது; தண்ணீர் நிறத்தில் ஒரு மரணம் மட்டுமே உண்டு.

மூன்றாவது, உடன் நடத்தல். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடி எடுத்து நத்தம், திண்டுக்கல் வழியாக நாள்கணக்கில் நடந்து பழனி சேர்கிறார்கள். ஒருவர் காலில் கொப்புளம் என்றால் கூடவருபவர் நடையைக் குறைத்துக்கொள்வார். மோர்ப் பந்தலில் பின்தங்கியவருக்காக ஆள் காத்திருக்கும். வீடியோ கேம் துணையாளருக்கு இது பிடிபடுவதில்லை. பல ஆட்டங்களில் அவருடைய வேகம் நாயகரின் நடையைவிடக் கூடுதலாகவும் ஓட்டத்தைவிடக் குறைவாகவும் அமைந்திருக்கும். ஆடுபவர் நின்று நின்று ஓட வேண்டும். 1997-இன் கோல்டன்ஐ ஆட்டத்தில் நட்டாலியா துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்பார். 2005-இன் ரெசிடென்ட் ஈவில் 4-இல் ஆஷ்லி சிறு உயரத்திலிருந்து குதிப்பதற்கும் நாயகர் லியான் கீழே நின்று கையேந்திப் பிடிக்க வேண்டும். வழி கண்டுபிடிக்கும் கணிதம் இல்லாமலில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தார் ஷேக்கி என்ற ரோபோவுக்காக வகுத்த ஏ ஸ்டார் முறை 1968-இலேயே அச்சேறியது. அது வழியைச் சொல்லும். எதிரே வருபவருக்கு ஒதுங்கச் சொல்லாது. கதவிடுக்கில் இருவர் முட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

குதிரையை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில் சிக்கல் உண்டு. 2011-இன் ஸ்கைரிம் குதிரை ஏறக்குறைய செங்குத்தான மலைமுகட்டிலும் ஏறிவிடும். கொடைக்கானல் பில்லர் ராக்கின் 122 மீட்டர் பாறைகளையும் அது விட்டுவைக்காது. கொடைக்கானல் ஏரிக்கரைக் குதிரை அப்படியெல்லாம் முயல்வதில்லை. பேசிய காசுக்குரிய தூரம் முடிந்ததும் தானே திரும்பிவிடும்.

2008-இல் வெளிவந்த க்வாப் ஆட்டத்தின் ஓட்டவீரருக்குத் தொடைக்கு இரண்டு, கெண்டைக்காலுக்கு இரண்டு என நான்கு விசைகள். பெரும்பாலும் இரண்டாவது எட்டிலேயே மல்லாந்து விழுந்துவிடும் அவர் இன்னும் அடிவாரத்தை வந்தடையாததால் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.