கணக்குச் சொன்னால் காசு

கேள்வி: செயல்பாட்டை ஒளிக்காமல் மக்களுக்குச் சொல்லும் உள்ளாட்சிக்குப் பரிசு உண்டா?

பதில்: உண்டு. சிறந்த மாநகராட்சி, நகராட்சிக்குத் தமிழ்நாட்டில் சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் விருது தருகிறார். அது பணிக்கு. கணக்குச் சொல்வதற்கு மானியமே பரிசு: தணிக்கைக் கணக்கை இணையத்தில் வெளியிட்டால்தான் மானியம் என்று ஒன்றிய அரசின் 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. உதாரணமாக, சென்னையை அடுத்து, 2019இல் மாநகராட்சியான ஆவடியும் பூந்தமல்லி நகராட்சியும் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். அதன் கணக்கு சென்னையோடு சேர்த்தி.

வரவு செலவு மட்டும் நல்ல அறிக்கையாகாது. எந்தத் தெருவில் வடிகால் கட்டினார்கள், மழை விட்டபின் எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய் இதைக் கேளுங்கள். கேட்கிற ஊருக்குத்தான் கணக்கு கிடைக்கும்.