லிஸ்ட்ட மடிச்சு வையி, நைனா

இன்னா நைனா, ரெண்டு நாள் லீவா? கூட வந்தது புதுப் பொண்டாட்டியா? நல்லா இருங்க. அந்தப் படகு நெழல்ல குந்துங்க. நான் இந்த வலையில ஓட்டைய அடைச்சிக்கினே பேசுறேன். பாத்து குந்து, பேண்டுல செதிலு ஒட்டிக்கும்.

கையில அது இன்னா, லிஸ்ட்டா? எனக்குக் கண்ணாடி இல்ல, நீயே படி. "அஞ்சரை மணி, காசிமேட்டில் சூரிய உதயம். ஆறேகால், மீன் மார்க்கெட். ஏழு மணி, ராயபுரம் ரயில் நிலையம். ஏழு இருபது..." அட, நிறுத்துப்பா. எனக்கு மூச்சு வாங்குது. பொண்டாட்டியக் கூட்டிக்கினு ஊர் பாக்க வந்தியா, பார்சல் குடுக்க வந்தியா?

போன ஞாயித்துக்கெழம இப்பிடித்தான் ஒரு ஜோடி வந்துச்சு. பையன் புல்லட்டு. தலையில ஹெல்மெட்டு, ஹெல்மெட்டு மேல கேமரா. "பெரியவரே, இந்தப் பக்கம் யாருக்குமே தெரியாத எடம் ஏதாச்சும் கீதா?"ன்னு கேட்டான். சுத்தி ஒரு ஆயிரம் பேரு நின்னுக்கினு கீறோம். உனக்குத் தெரியலன்னா ஊருக்கே தெரியாதா? அதுல இன்னொரு கூத்து. அவன் ஏறி வந்த வண்டி கம்பெனி 1950-கள்லயே திருவொற்றியூர்ல தொறந்தது. பொறந்த வூட்டுக்கு வர்ற வண்டிக்கு மேப் வெச்சு வழி காட்டிக்கினு வந்தான் மகராசன்.

சரி, மீனுக்கு வருவோம். ஞாயித்துக்கெழம ஆறேகாலுக்கு மார்க்கெட்டு உள்ள போனா நீ பாக்கப் போறது மீன் இல்ல, முதுகு. ஏலம் இருட்டுலயே ஆரம்பிச்சிடும். அப்பால பாதி மெட்ராஸு கூடையத் தூக்கிக்கினு வந்து நிக்கும். சனிக்கெழம வா. அன்னிக்கிப் பாதிப் பேரு கவுச்சி தொட மாட்டான், நீ நின்னு பாக்கலாம். வந்தவன் எல்லாம் வஞ்சிரம், வஞ்சிரம்ங்கறான். கடல்ல வேற மீனே இல்லியா? கொழம்புக்கு சங்கரா கீது, காரப்பொடி கீது. வறுக்க நெத்திலி கீது. கடம்பா கீது. வஞ்சிரம் கேட்டா வெல ஏறும். காரப்பொடி கேட்டா, "உக்காரு கண்ணு, எந்த ஊரு?"ன்னு கேப்பாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி செவுளத் தூக்கிப் பாரு. ரத்தச் செவப்பா இருக்கணும். கண்ணு முழிச்சிக்கினு இருக்கணும். வெரலால அமுக்குனா பள்ளம் நிக்கக்கூடாது. உன் பொண்டாட்டி கைக்குட்டைய மூக்குல வெச்சிக்கினா வெச்சிக்கட்டும். ஆனா ஒண்ணு, வாசனைக்கு மூக்க மூடுறவங்க கொழம்புக்கு வாயத் தொறக்கக்கூடாது.

அதோ அரிவாமனைய காலுக்குள்ள இடுக்கிக்கினு குந்திக்கினு கீறா பாரு, அது நம்ம வூட்டுக்காரி. மீன் வெட்டிக் குடுக்குறது அவ தொழிலு. வாலப் புடிச்சி ரெண்டு இழுப்பு, செதிலு பறக்கும். செவுள ஒரே கிள்ளு. வயித்தக் கீறி ஒரு வழிப்பு. கண்ணு ஆளு மேல, கை மீன் மேல. ஒரு வாட்டியும் கீழ குனிஞ்சு பாத்ததில்ல. அத நின்னு பாரு. லிஸ்ட்டுல அது இல்லதான?

மே மாசத்துல மட்டும் வந்து "இன்னிக்குப் புடிச்ச வஞ்சிரம்"னு போர்டு பாத்து ஏமாந்துடாத. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரிக்கும் விசைப்படகு கடலுக்குப் போவக் கூடாது. மீன் முட்ட போடுற காலம். சின்ன ஃபைபர் போட்டுதான் பக்கத்துல போய்க்கினு வரும். மீதி எல்லாம் கேரளாப் பக்கத்துலேர்ந்து ஐஸ்ல வர்றது. பாத்தியா, மீனு குடும்பம் நடத்தவே கவர்மெண்டு 61 நாள் லீவு குடுக்குது. உன் கம்பெனி உனக்கு எத்தினி நாள் குடுத்துச்சு?

ராயபுரம் ஸ்டேஷனு லிஸ்ட்டுல இருக்கட்டும், வேணாங்கல. 1856 ஜூலை 1-ந் தேதி தென்னாட்டுல சனங்க ஏறுன மொத ரயிலு அங்கேர்ந்துதான் கெளம்புச்சு. வாலாஜா ரோடு வரிக்கும் போச்சு. ஆனா வர்றவன் எல்லாம் தூணு பக்கத்துல நின்னு படம் புடிச்சிட்டு, வெளிய வந்து டாக்சி ஏறுறான். ரயில் ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறாம போறவன இன்னான்னு சொல்றது? அந்த டாக்சி எண்ணூர் ஐரோட்டுல கண்டெய்னர் லாரி வால்ல மாட்டிக்கினு நிக்கும். நீ சில்லறக் காசுக்கு டிக்கெட் எடு, கும்மிடிப்பூண்டி வண்டியில குந்து. காத்து வரும், கூட மீன் கூடையும் வரும். கூட்டம் ஆவலன்னா மெட்ரோ கீது, 2021-லேர்ந்து விம்கோ நகர் வரிக்கும் ஓடுது. தேரடியில எறங்குனா திருவொற்றியூர் சிவன் கோயிலு.

அந்தக் கோயிலுக்கு எவ்ளோ நேரம் போட்டிருக்க? இருபத்தஞ்சு நிமிசமா? புதுசா கட்டிக்கினவனுக்கு அங்கதான்டா பாடமே. கேளு. தேவாரம் பாடுன சுந்தரரு, ஏற்கெனவே திருவாரூர்ல பரவையார்னு ஒரு சம்சாரம் கட்டுனவரு. இங்க வந்து பூ கட்டிக்கினு இருந்த சங்கிலியாரப் பாத்துட்டாரு. அந்தம்மா, "என்ன உட்டுட்டுப் போவ மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னுச்சு. மனுசன் நேரா சிவன்கிட்ட போனாரு. "சந்நிதியில நான் சத்தியம் பண்றப்ப நீ உள்ள இருக்காத சாமி. மகிழ மரத்தடியில போயி குந்திக்கோ"ன்னாரு. சாட்சிய வெளிய அனுப்பிட்டு வாக்கு குடுக்குற சாமர்த்தியத்தப் பாத்தியா? சாமியும் தலைய ஆட்டிட்டு, ராவுல சங்கிலியார் கனவுல போயி, "சத்தியத்த மகிழ மரத்தடியில வாங்கு"ன்னு போட்டுக் குடுத்துட்டாரு. மாட்டினாரு மனுசன். கொஞ்ச நாள்ல திருவாரூர் நெனப்பு வந்துச்சு. ஒற்றியூர் எல்லயத் தாண்டுனாரு, ரெண்டு கண்ணும் போச்சு. அப்பாலிக்கா காஞ்சிபுரத்துல ஒண்ணு, திருவாரூர்ல ஒண்ணுன்னு தவணையில வந்துச்சு. மாசித் திருவிழாவுல மகிழடி சேவைன்னு இத இன்னிக்கும் நடத்துறாங்க. இன்னாடா, உன் பொண்டாட்டி உன்ன ஒரு மாதிரி பாக்குது?

அடுத்து இன்னா, பட்டினத்தார் சமாதியா? "ஜோடிகளுக்கு ஏற்ற அமைதியான இடம்"னா போட்டிருக்கு? சொத்து சொகம் எல்லாத்தையும் உட்டுட்டு கோவணத்தோட வந்தவரு அவரு. அங்க போயி தோள்ல கை போட்டுக்கினு செல்பி. எழுதுனவன் கல்யாணம் ஆனவனாத்தான் இருப்பான்.

"மாலை, எண்ணூர் கடற்கரையில் கடலில் மூழ்கும் சூரியன்." யாருடா இவன்? கெழக்குக் கரையில சூரியன் கடல்ல மூழ்கிப் பாத்திருக்கியா? சாயங்காலம் சூரியன் நெலத்துப் பக்கமா, மேக்காலதான் எறங்கும்.

எண்ணூருக்கு லீவுல போறது ஒண்ணும் புதுசு இல்ல. வெள்ளக்காரத் தொரைங்க காலத்துலயே அது உல்லாச ஊரு. 1806-ல மெட்ராஸ்லேர்ந்து எண்ணூர் வரிக்கும் கால்வாய் வெட்டுனாங்க. பக்கிங்காம் கால்வாய்ன்ற பேரு பின்னாடிதான் வந்துச்சு. தொரையும் தொரசானியும் அங்க படகு உட்டாங்க, மீன் தின்னாங்க. இன்னிக்கி அதே கழியில சாம்பல் படிஞ்சு கீது. எறால் புடிச்சவன் சேத்துல கை உட்டா சாம்பல்தான் வருது. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி, எண்ணெய் கரையில வந்து ஒட்டுச்சு. பசங்க வாளியில அள்ளுனாங்க. வாளியில. அந்த வாளியையும் ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியில வெச்சு பாரம்பரியம்னு டிக்கெட்டு போடுவான். போறதுன்னா போயி பாரு நைனா. அழகா கீதுன்னு மட்டும் எழுதாத.

ராத்திரி சோத்துக்கு இன்னா? "பர்மிய நூடுல்ஸ் அனுபவம்." அது பேரு அத்தோ. 1960-கள்ல பர்மாலேர்ந்து நம்ம சனத்தத் தொரத்தி உட்டாங்களே, அவங்க கையோட கொண்டாந்த ருசி. பீச் ஸ்டேஷன் எதிர்ல, பர்மா பஜார் அண்டையில வண்டி போட்டிருப்பாங்க. நூடுல்சு, கோசு, வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ண, மொளகாத்தூளு, நொறுக்குன தட்டுவட எல்லாத்தையும் கையால பெசஞ்சு குடுப்பான். முட்டையக் கீறி உள்ள வறுத்த வெங்காயம் திணிப்பான். வாழத்தண்டு சூப்பு தொட்டுக்க இல்ல, குடிக்க. போன வாரம் அந்த புல்லட்டுப் பையன் ஃபோர்க்கு கேட்டானாம். கடக்காரன் திரும்பிப் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் மொளகாத்தூள் போட்டானாம்.

இந்தா, மோர் குடிம்மா. இன்னா, கெழவி உன் காதுல இன்னாவோ சொல்றா?

"இந்தாளு பேச்ச நம்பாத கண்ணு. கட்டிக்கினு வந்து நாப்பத்தஞ்சு வருசம். ஒற்றியூர் தேரடியத் தாண்டி என்னை எங்கயும் கூட்டிக்கினு போனதில்ல."

ஏண்டி, இப்பத்தான சொன்னேன். எல்லயத் தாண்டுனா கண்ணு போயிடும்னு.

சிரிக்காதடா. அவ அரிவாமனைய மடக்குறா பாரு. பாதி மீன் வெட்டாம கெடக்குது, சேலையில கை தொடைச்சிக்கினு எழுந்து வர்றா.

நைனா, அந்த லிஸ்ட்ட மடிச்சு வெக்க சொன்னேன்ல? கொஞ்சம் பிரி. ஏழு இருபதுன்னு நிறுத்துனியே, அப்பால இன்னா போட்டிருக்கு?