பிஸ்ட்ரோ மேசையில் நால்வர்: ஐயங்களும் விளக்கங்களும்

கேள்வி: பாரீஸ் தெருக்களில் பிஸ்ட்ரோ என்றும் பிராசரி என்றும் பலகைகள் தொங்குகின்றன. சுற்றுலா சென்ற நண்பர்கள் நால்வர் எந்தக் கதவைத் தள்ளுவது?

பதில்: பிராசரி என்பது பீர் வடிக்கும் தொழிலை ஒட்டிப் பிறந்து, இன்று பெரும்பாலும் இடைவேளையின்றி உணவு பரிமாறும் பெரிய கூடம். பிஸ்ட்ரோ என்பதோ, 19ஆம் நூற்றாண்டில் ஓவர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தோர் ஒருபுறம் கரியும் மறுபுறம் வைனும் விற்ற சிறுகடைகளின் மரபையும் உள்வாங்கி வளர்ந்த சிற்றுணவகம். அன்றைய பட்டியலைச் சுண்ணக்கட்டியால் எழுதிய கரும்பலகையும், முழங்கையை விரித்தால் பக்கத்து மேசைக்காரரின் தட்டில் இடிக்கும் நெருக்கமும் அதன் இலக்கணங்கள். மாலை நான்கு மணிக்குப் பசிப்பவருக்குப் பிராசரியே கதி. ஏனெனில் பிஸ்ட்ரோவின் அடுப்பு பொதுவாகப் பகல் 12 முதல் 2 வரையிலும், இரவு 7 அல்லது 7.30 மணிக்குப் பிறகும்தான் எரியும்.

கேள்வி: நான்கு வகைகளை வரவழைத்து, நடுவில் வைத்து, நால்வரும் பங்கிட்டு உண்ணலாமா?

பதில்: சட்டம் தடுக்காது, பரிமாறுபவரின் புருவம் மட்டும் சற்று உயரும். ஆந்த்ரே எனப்படும் முதல் சுற்று, ப்ளா எனப்படும் முதன்மை உணவு, அதன்பின் இனிப்பு என்று தனித்தனித் தட்டுகளில் வருவதே அங்குள்ள ஒழுங்கு. இம்மூன்றில் இரண்டையோ மூன்றையோ சேர்த்து ஒரே விலைக்குத் தருவதற்கு ஃபார்முல் என்று பெயர். தனித்தனியாக வாங்குவதைவிட இது பெரும்பாலும் மலிவு. பங்கிட்டே தீர வேண்டும் என்போருக்காகப் பாலாடைக்கட்டியும் பதப்படுத்திய இறைச்சியும் அடுக்கிய ப்ளான்ஷ் என்னும் மரப்பலகை பல இடங்களில் கிடைக்கிறது.

கேள்வி: நால்வரில் ஒருவர் சைவம். அவர் என்ன செய்வார்?

பதில்: பெயரை நம்பாமல் இருப்பார். வெங்காய சூப் சைவம்போல் தோன்றினாலும், வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் கொதிக்கிறது. பருப்பு சாலடில் பன்றி இறைச்சித் துண்டுகள் சொல்லாமல் வந்து அமர்ந்திருக்கும். மாறாக, லியோன் நகரில் பூஷோன் எனப்படும் உணவகங்களில், பட்டு நெசவாளியின் மூளை என்று பொருள்படும் பெயருடன் ஒரு பண்டம் பரிமாறப்படுகிறது; அது மூலிகையும் பூண்டும் கலந்த புதுப் பாலாடைக்கட்டியன்றி வேறில்லை. ஆயினும் பல பாலாடைக்கட்டிகள் கன்றின் வயிற்றுச் சுரப்பான ரென்னட்டால் உறைபவை என்பதால், கடுஞ்சைவர் கேட்டறிவது நலம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும். இரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டேக் கேட்டால் எதிர்க்கேள்வி வருகிறதே?

பதில்: வேகும் அளவைக் கேட்கிறார்கள். ப்ளூ என்பது மேற்புறம் மட்டும் சூடு கண்டது. செய்ன்யான் உள்ளே சிவந்தது. ஆ புவான் நடுத்தரம். பியான் க்வி முழுதும் வெந்தது. கடைசியைச் சொல்வோரைச் சமையற்காரர் மன்னிப்பார், மதிக்க மாட்டார். டார்டார் என்பது முட்டைக்கருவோடு வரும் பச்சை மாட்டிறைச்சிக் கொத்து. அது எப்போது வேகும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

கேள்வி: தண்ணீருக்கும் ரொட்டிக்கும் காசு உண்டா?

பதில்: உணவோடு வரும் ரொட்டிக்கு இல்லை. கராஃப் தோ என்று கேட்டால் கண்ணாடிக் குடுவையில் குழாய்நீர் இலவசமாக வரும். இவ்வாறு கிடைப்பதை உணவகங்கள் அறிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். வெறுமனே தண்ணீர் என்றால் விலையுள்ள புட்டி வந்துவிடலாம். ரொட்டியை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. பாரீஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான 2023ஆம் ஆண்டுப் பரிசை வென்றவர் இலங்கையிலிருந்து சென்ற தர்ஷன் செல்வராஜா. பரிசின் பகுதியாக, பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: உண்டு முடித்து அரைமணி ஆகியும் பில் வரவில்லையே, அலட்சியமா?

பதில்: அது மரியாதை. கேளாமல் பில்லை நீட்டுவது விருந்தினரை எழுப்பி விரட்டுவதாகக் கருதப்படுவதால், லாதிஸியோன் என்று கேட்கும்வரை அது வராது. பட்டியல் விலையிலேயே சேவைக்கட்டணம் அடங்கியிருப்பதால், மனநிறைவுக்குச் சில நாணயங்களை வைத்தால் போதும். யுனெஸ்கோ 2010இல் பிரெஞ்சு விருந்துணவு மரபைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டபோதும், எந்தத் தனிப் பண்டத்தையும் அல்ல, கூடியிருந்து உண்ணும் முறையையே சிறப்பித்தது. ஆகவே ரயிலைப் பிடிக்க ஓட வேண்டிய இரவில் பிஸ்ட்ரோவைத் தவிர்த்து, பேச்சு வற்றாத நண்பர்களுடன் வேறு வேலையில்லாத இரவொன்றில் மேசையை முன்பதிவு செய்து செல்க. நுழையும்போது போன்ஸுவார் என்று வணக்கம் சொல்லத் தவற வேண்டாம்.